புளியங்கொட்டைகள் நடந்த கூடம்

அன்பு மகனே,

நீ விமானம் ஏறுவதற்கு முன்பே இது உன் கையில் சேர வேண்டும் என்பதற்காக இன்றே எழுதத் தொடங்குகிறேன். இறைவன் உன்னைக் காப்பாராக என்று தொடங்குவதே என் வழக்கம் என்பதை நீ அறிவாய். அந்த வரியை எழுதக் கை வருகிறது. ஆனால் எழுதியபின் படித்துப் பார்த்தால், யாரோ ஒருவர் வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருக்கிறது. ஆகவே அந்த வேண்டுதலை அவரிடமே நேரில் சொல்லிக்கொள்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். இதை உன் நண்பர்கள் படிக்க நேர்ந்தாலும், நம் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள் படிக்க நேர்ந்தாலும் எனக்குத் தடையில்லை. இதில் உள்ளவை எல்லாம் பலர் முன்னிலையில் நடந்தவையே.

நீ எதைப் படிக்கக் கடல் கடந்து போகிறாய் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். சென்ற வாரம் கீழப்பழுவூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நான் தமிழ் நடத்திய பெரம்பலூர்ப் பள்ளியில் கணக்கு நடத்தியவரைப் பார்த்தேன். "கம்ப்யூட்டரா சார்? அது பேங்குக்குத்தானே வரும்?" என்றார். கூட்டம் எப்படி நடக்கிறது என்று கண்டறியும் படிப்பு என்று சொன்னேன். "கூட்டத்தப் பாக்க அவ்வளவு தூரம் போவணுமா சார்? இந்த அரியலூர் பஸ்ல ஏறி நின்னா பத்தாதா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியும். நீ எனக்கு அவ்வளவு கற்றுக்கொடுத்திருக்கிறாய். ஆனால் விளக்கத் தொடங்கினால் உன் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டிவரும். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

அவளை நாம் இழந்த அன்று நடந்ததை நீ பலர் வாயால் கேட்டிருக்கிறாய். நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. திருவிழாவின் கடைசி நாள், காலைத் திருப்பலி முடிந்து பகல் சப்பரம் புறப்பட்டது. சப்பரம் முன்னே போகும்; அதன் பின்னே நம் தெருக்காரர்கள்; எல்லோருக்கும் கடைசியில் தெற்குத் தெருக்காரர்கள். அந்த வரிசையை யார் வகுத்தார்கள் என்று நம் பங்கில் எவருக்கும் தெரியாது. ஆனால் எவரும் அதை மீறியதில்லை. சிலுவைமேடை இருக்கும் குருசடிச் சந்தின் முனையில் சப்பரம் நிற்கும். அது நின்றதும் அருகில் இருப்பவர்கள் மண்டியிடுவார்கள். எழுந்து உப்பும் மிளகும் எறிந்து வேண்டிக்கொள்வார்கள். என் முழங்கால் வலி உனக்குத் தெரியும். நான் சுவரை ஒட்டி மெல்ல நடந்தேன். உன் அம்மா திரும்பிப் பார்த்து, "உப்பும் மிளகும் எங்கிட்டதான் இருக்கு. நீங்க மெதுவா வாங்க," என்று சொல்லிவிட்டு முன்னே போனாள். அந்தச் சந்துக்குள் நம் தெருவின் கடைசியும் தெற்குத் தெருவின் முதலும் கலந்துவிட்டன. சப்பரம் நின்றது. முன்னே தலைகள் தாழ்ந்தன. உன் அம்மாவும் மண்டியிடக் குனிந்தாள். அப்போது அவள் முதுகின்மேல் இரண்டு கைகளைக் கண்டேன். பிறகு அவளைக் காணவில்லை. அவள் இருந்த இடத்தில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். அவள் எழவில்லை. சந்தெங்கும் உப்பு சிந்திக் கிடந்தது. கால்களில் அது நறநறத்ததை இன்றும் நான் கேட்கிறேன். ஆனால் அப்போது யாராவது கூச்சலிட்டார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கைகள் சவரிமுத்துவினுடையவை. தெற்குத் தெருவைச் சேர்ந்த கொத்தனார். அவருடைய பெற்றோர், கோயில் பொறுப்பில் இருக்கும் பெரியநாயகத்தின் வயலில் கூலிக்கு உழைத்தவர்கள். அவரோ அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புகளுக்குச் சுவர் எழுப்பியவர். நம் கோயிலின் சுற்றுச்சுவரைப் பூசியவரும் அவரே. போலீஸார் வந்து என்ன கண்டீர்கள் என்று கேட்டபோது, கைகளைக் கண்டேன் என்றேன். யாருடைய கைகள் என்று கேட்டபோது அதையும் சொன்னேன். நான் கண்டது அதுதான். அவரை அழைத்துப்போய் விசாரித்து, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் ஊர் அத்தோடு விடவில்லை. அந்தப் பெரியநாயகம் நம் வீட்டுக்கு வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பின்னாலேருந்து தள்ளிட்டானுவ வாத்தியாரே. வேணும்னே தள்ளிட்டானுவ. கோயில் கூட்டத்துல நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. கேசும் நிக்கும், அந்தத் தெருவும் இனிமே சப்பரத்துப் பக்கம் வராது," என்றார். தலையசைத்தேன். அவர் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை எங்கே வைப்பது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது.

மகனே, அந்த நாள்களில் நான் அழவில்லை என்று நீ வியந்தாய். சிலர் அதைத் தைரியம் என்றார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்கு அச்சிட ஓர் இரங்கற்பா வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து வெண்பாக்கள் எழுதினேன். எந்த அடியிலும் தளை தட்டவில்லை; எதுகை தானாக வந்து அமர்ந்தது; ஒரு சொல்லையும் அடித்துத் திருத்தவில்லை. எழுதி முடித்து அதைப் பார்த்தபோதுதான் எனக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று புரிந்தது. துயரப்படுகிற மனிதன் அப்படி எழுத முடியாது. செபமாலையும் அப்படியே. மணிகள் விரலில் நகர்ந்தன; வாய் சொல்லிற்று; நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கையில்தான் நீ விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து மீண்டும் வந்தாய். உன் வேலை என்னவென்று நான் அதுவரை கேட்டதில்லை. குளிரூட்டிய அறையில் ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது, அதற்குத் துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு மறுநாள் விடை வாங்கிக்கொள்வார்கள் என்ற அளவில் தெரியும். நீ வந்த அன்று பையைக்கூடத் திறக்கவில்லை. சமையலறைக்குப் போய் உன் அம்மா சேர்த்து வைத்திருந்த புளியங்கொட்டைகளை எடுத்துவந்து, கொல்லையில் துணிக்கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் தேய்த்தாய். தாயம் ஆடப்போகிறான், துக்கத்தில் அறிவு பிசகிவிட்டது என்று எண்ணினேன். பிறகு கூடத்துச் சிமெண்ட் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் போட்டாய். இரண்டு பக்கமும் கோடுகள் நெருங்கிவந்து குறுகின. முனையில் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தாய். அப்போதுதான் அது குருசடிச் சந்து என்று எனக்குத் தெரிந்தது.

"அப்பா, இங்க வந்து உக்காருங்க. இது என் வேலைதான். மெஷின்ல செய்யறத தரையில செய்யறேன்," என்றாய். உட்கார்ந்தேன். நீ சொன்னதை இங்கே திருப்பிச் சொல்கிறேன். சரியாகக் கற்றேனா என்று பார்த்துக்கொள். ஒரு கூட்டத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கூட்டம் முழுமைக்கும் மேலிருந்து ஒரு சூத்திரம் எழுதுவது ஒரு வழி. மற்றொரு வழி, ஆள் ஆளாகத் தொடங்குவது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு சின்ன விதியைக் கொடுக்க வேண்டும். அவனுக்குத் தெரிவது அவனுக்குப் பக்கத்தில் இருப்பது மட்டுமே. அவனை அவன் விதிப்படி நடக்க விட்டுவிட்டு, என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நீ அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் சொன்னாய். நான் 'ஆள்வழி மாதிரி' என்று மொழிபெயர்த்தேன். "பேரெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்ப்பா, மொதல்ல நகத்துங்க," என்றாய்.

விதிகள் எளியவைதாம். கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் நிற்பவர். தேய்த்த வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் மண்டியிட்டவர். முன் கட்டம் காலியாக இருந்தால் கொட்டை ஒரு கட்டம் நகரும், இல்லையேல் நிற்கும். சப்பரமாக வைத்த கொட்டாங்கச்சிக்கு அருகில் உள்ள கொட்டை வெள்ளையாகத் திரும்பும். முன்னாலோ பக்கத்திலோ ஒன்று வெள்ளையாகிவிட்டால், சோழி உருட்டி, மல்லாந்து விழுந்தால் இதுவும் வெள்ளையாகும். குப்புற விழுந்தால் ஆகாது. எந்தக் கொட்டை முதலில் நகர வேண்டும் என்பதையும் சோழிதான் தீர்மானிக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு கொட்டைகள் சேர்ந்துவிட்டால் அங்கே ஒருவர் விழுந்துவிட்டார் என்று பொருள். நான் தொடக்கத்திலேயே பிழை செய்தேன். அன்று எந்தெந்த இடத்தில் யார் யார் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியுமாதலால் கொட்டைகளை அங்கே கொண்டுபோய் வைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "நீங்க தள்ளறீங்கப்பா. அதுக்கு எங்க போவணும்னு உங்களுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. அது பாக்கறத மட்டும் பாத்து நகத்துங்க." வாழ்நாள் முழுவதும் முடிவு தெரிந்த கதைகளையே பாடம் நடத்தியவனுக்கு அது எளிதாக வரவில்லை. ஒரு கொட்டையாக இருந்து அதன் முன் கட்டத்தை மட்டும் பார்ப்பது எப்படி என்று கற்க எனக்குப் பல நாள்கள் ஆயின.

எனக்கு அது விளங்கியது என் வழியில்தான். வெண்பாவில் ஒரு சீர் தனக்கு அடுத்த சீரை மட்டுமே பார்க்கிறது. முதலடியில் நிற்கும் சீருக்கு ஈற்றடியில் வரப்போவது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஒவ்வொன்றும் தன் பக்கத்துச் சீரோடு தளை தவறாமல் நின்றால் போதும். எந்தத் தனிச் சீரிலும் இல்லாத ஓர் ஓசை பாட்டு முழுவதிலும் எழுகிறது. இதை உன்னிடம் சொன்னேன். நீ சோழியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அதேதாம்ப்பா. அந்த ஓசைய எந்தச் சீர்ல போய்த் தேடுவீங்க?" என்றாய். அன்று இரவு உணவு உண்டேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் விதிகளில் ஒன்று நமக்குத் தெரியாமலே இருந்தது. முன்னால் நிற்பவர் மண்டியிட்டால் பின்னால் வருபவர் நின்றுவிட வேண்டியதுதானே? நாம் அப்படித்தான் வைத்து ஆடினோம், யாரும் விழவில்லை. அப்போது நான், ஒரு கொட்டைக்கு மட்டும் வேறு விதி கொடு, அது தள்ளட்டும் என்றேன். ஒரு குன்றிமணியை எடுத்து அந்த இடத்தில் வைத்து, தள்ளும் விதியைக் கொடுத்து ஆடினாய். விழுந்தார்கள். பார்த்தாயா என்றேன். "பாத்தேன். இப்படி வெச்சா இப்படி வுழுது. வேற எப்படியும் வுழாதுன்னு இன்னும் தெரியலியே," என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போய்விட்டாய். திரும்பி வரும்போது சவரிமுத்து உன்னோடு வந்தார்.

அவர் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரும்படி நீ சொன்னாய். அவர் என்னைப் பார்த்தார். நானும் வரச் சொன்னேன். வந்தவர் தரையில் இருந்த கட்டங்களைப் பார்த்த மாத்திரத்தில் இது எந்த இடம் என்று அறிந்துகொண்டு, கோடுகளை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கினார். நீ அவரிடம், அம்மா விழுந்ததைக் கேட்கவில்லை. "அண்ணே, அதுக்கு முன்னாடி உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?" என்று மட்டுமே கேட்டாய்.

"என்னத்தத் தம்பி தெரியும், மனுசத் தலதான் தெரியும். சப்பரமே எங்க கண்ணுக்குத் தெரியாது. நாங்க எந்த வருசம் பாத்தோம்? முன்னால நின்ன தலையெல்லாம் பொசுக்குனு கீழ போச்சு. சரி, சப்பரம் நவுந்துட்டுது, வழி வுட்டுட்டாங்கன்னு ஒரு எட்டு வெச்சேன். காலுக்குக் கீழ அம்மா." அவர் என் பக்கம் திரும்பினார். "கையூனித் தாங்கி நிக்கப் பாத்தேங்க ஐயா. எம்முதுகுல ஊரே வந்து வுழுந்துச்சு. நின்னேங்க. நிக்க முடியல."

அவர் சொன்னது உண்மையா, தம்மைக் காத்துக்கொள்ளச் சொன்னதா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. நீ ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. குன்றிமணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விதியை மாற்றினாய்: பின்னால் வரும் கொட்டைக்கு வெள்ளைக் கொட்டை கண்ணில் படாது, அந்தக் கட்டம் காலி என்றே எண்ணி அடியெடுத்து வைக்கும். அவ்வளவே. தள்ளுபவர் எவரும் இல்லை. ஆடினோம். சப்பரம் நின்றது, முன்வரிசை வெள்ளையாகத் திரும்பியது, பின்னிருந்து கறுப்புக் கொட்டைகள் ஒவ்வொன்றாக, அமைதியாக, தம் முன் இருந்த காலி இடத்துக்குள் நடந்தன. சந்தின் கழுத்தில் ஒரு கட்டத்தில் இரண்டு சேர்ந்தன. பிறகு அடுத்ததில். சவரிமுத்து சுவரோரமாகவே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மீண்டும் ஆடினோம், மீண்டும் விழுந்தார்கள். வெள்ளையாகத் திரும்பும் விதியை எடுத்துவிட்டு ஆடினாய், ஒருவரும் விழவில்லை. ஆக, மண்டியிடாமல் இருந்திருந்தால் யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். பக்தியில்லாத கூட்டமாக இருந்திருந்தால் உன் அம்மா உயிரோடு இருந்திருப்பாள். இதை நான் வாய்விட்டுச் சொன்னேனா என்று தெரியவில்லை. நீ என் தோளைத் தொட்டாய்.

ஒன்றைக் கேட்டேன்; அது உனக்கு நினைவிருக்கும். இதில் உன் அம்மா எந்தக் கொட்டை என்றேன். "எதுவும் இல்லப்பா. எல்லாம் ஒண்ணுதான். ஒவ்வொரு ஆட்டத்துலயும் வேற கொட்டை வுழுது, கவனிச்சீங்களா? யாராவது ஒருத்தர் வுழுவாங்க. அது யாருன்னு இதுல இல்ல," என்றாய். ஏன் இன்னொருத்தி இல்லாமல் இவள் என்று அதுவரை நான் நாள்தோறும் ஆலயத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். கோபுரம் இடிந்து மாண்டவர்கள் மற்றவரைவிடப் பாவிகளா என்ற வினாவுக்கு, இல்லை என்று வேதம் விடை சொல்கிறது. ஆனால் ஏன் அவர்கள் என்று சொல்லாமல் கடந்துபோகிறது. அந்த இடத்தை நான் எத்தனையோ முறை வாசித்து, மற்றவருக்கு விளக்கியும் இருக்கிறேன். உன் புளியங்கொட்டைகளும் அதே இடத்தில் வந்து நின்றுவிட்டன. அதற்காக உன்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆறுதலும் இல்லை.

நான் கேட்ட அடுத்த கேள்விக்கு நீ தந்த விடைதான் இந்தப் படிப்பைப் பற்றி நான் அறிந்தவற்றில் முதன்மையானது. அப்படியானால் சவரிமுத்து தள்ளவில்லை என்று கூட்டத்தில் சொல்லிவிடலாமா என்றேன். "அப்படிச் சொல்லக் கூடாதுப்பா. இதுதான் நடந்துச்சுன்னு இது சொல்லாது. யாரும் தள்ளாமலே இப்படி நடக்கலாம்னு மட்டுந்தான் சொல்லும். மிச்சம் நீங்க கண்ணால பாத்தது." அவ்வளவு நேர்மையாக ஒரு கருவியைப் பற்றி அதைச் செய்தவனே சொல்லக் கேட்டது எனக்குப் புதிது. நீ போகும் நாட்டில் பெரிய இயந்திரங்கள் இருக்கும். ஆயிரமாயிரம் புள்ளிகளை நடக்க விடுவாய். அவை வரையும் படங்கள் கண்ணைப் பறிக்கும். இதுதான் உண்மை என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். அப்போது நீ கூடத்தில் எனக்குச் சொன்னதை உனக்கே சொல்லிக்கொள். நான் உனக்குச் சொல்லக்கூடிய அறிவுரை உன் வாயால் நான் கேட்டதுதான்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் முற்றத்தில் கூட்டம் நடந்தது. நீ தூரத்தில் வேம்பின் அடியில் நின்றாய். தெற்குத் தெருவிலிருந்து சவரிமுத்து மட்டும் வந்திருந்தார், அவர் உட்காரவில்லை. பங்குச் சாமியார் என்னைப் பேசச் சொன்னார்.

"வாத்தியாரே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. பாத்தீங்களா, இல்லையா?" என்றார் பெரியநாயகம்.

"கையைப் பார்த்தேன்."

"போதும். வேறென்ன வேணும்?"

"தள்ளியதைப் பார்க்கவில்லை."

"முதுகுல கைய வெச்சா அப்புறம் அது என்ன, ஆசீர்வாதமா?"

சிலர் சிரித்தார்கள். உன் அம்மாவின் மரணத்தைப் பேசும் இடத்தில் சிரிப்பு எழுந்ததே என்று எனக்குச் சினம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அந்தக் கை தள்ளியதா, தாங்கியதா என்று எனக்குத் தெரியாது. அவர் அவள்மேல் விழுவதற்கு முன்பே முன்வரிசை மண்டியிட்டுவிட்டது. பின்னால் இருப்பவருக்குச் சப்பரம் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்," என்றேன்.

"வூட்ல புளியங்கொட்டைய பரப்பி வெச்சு அப்பனும் மவனும் சோசியம் பாக்கறதா ஊரே பேசுது. அது சொல்லிச்சாக்கும்?"

"அதுவும் தெரியாது என்றுதான் சொல்லிற்று," என்றேன்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பெரியநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்டாட்டியப் பறிகுடுத்தவரே வேணாங்கறாரு. நமக்கென்ன வந்துச்சு," என்று எழுந்துவிட்டார். போலீஸாரிடமும் அதையே சொன்னேன். கண்டது கைகள், தள்ளியதைக் காணவில்லை என்று. அத்துடன் வழக்கு நின்றது. சவரிமுத்து என்னிடம் வந்து ஏதோ சொல்ல முயன்றார். நன்றி சொல்லிவிடுவாரோ என்று அஞ்சி நான் வேகமாக நடந்தேன். முழங்கால் அன்று வலிக்கவே இல்லை.

அதற்கு அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு நீ வரவில்லை. ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். சப்பரம் இப்போது சந்தின் முனையில் நிற்பதில்லை. சந்தைக் கடந்து திடலுக்குப் போய்த்தான் நிற்கிறது. நிற்கும்முன் கடைசி வரிசையில் மணி அடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மண்டியிடுகிறார்கள். நீ சாமியாரிடம் சொல்லிவிட்டுப் போன யோசனை. ஊரில் அதைப் பெரியநாயகத்தின் யோசனை என்கிறார்கள், திருத்த வேண்டாம். தெற்குத் தெருக்காரர்கள் இன்னமும் கடைசியில்தான் வருகிறார்கள். நடந்ததற்கெல்லாம் வேரில் அந்த வரிசை இருக்கிறது என்று நான் ஒருமுறை சாமியாரிடம் சொன்னேன். அவர் பார்க்கலாம் என்றார். சவரிமுத்து சப்பரத்துக்கு வருவதில்லை. தம் வீட்டு வாசலில் நின்று, அது கடந்துபோகும் ஓசையைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறார்.

நீ அறிய வேண்டியது இன்னொன்று. பெரியநாயகம் என் எதிரில் வந்து உட்கார்ந்த நாளில் எனக்கு ஒருவன் கிடைத்திருந்தான். அவன் முகத்தையும் கைகளையும் எனக்குத் தெரியும். அவனை வெறுப்பதற்கு நான் மெல்ல ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். வெறுக்கத் தொடங்கியிருந்தால் ஒருவேளை அழுகையும் உடன் வந்திருக்கும். நீ அவனை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் யாரையும் வைக்காமல் போய்விட்டாய். அப்படிச் செய்ததே சரி. அந்தக் காலி இடத்தோடு வாழ்வது எப்படி என்று உன் படிப்பில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருந்தால் எழுது. கூட்டங்களை ஆராயும்போது உன் கணக்கில் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் விழுவார். அவர் யார் என்பது அதில் இராது என்று சொன்னாய். நீயாவது, ஆட்டத்துக்கு ஒருமுறை, கலைப்பதற்குமுன் அந்தக் கட்டத்தைச் சற்றுப் பார்த்துவிட்டுக் கலை. அதனால் விடை மாறாது. செய்.

நீ சென்னைக்குத் திரும்பியபின் கூடத்தைக் கழுவிவிடச் சொன்னாய். நான் கழுவவில்லை. மதியத்தில் உறக்கம் வராதபோது உட்கார்ந்து ஆடுகிறேன். கட்டங்கள் அழிந்தால் மறுபடி வரைகிறேன். சோழியை நேர்மையாக உருட்டுகிறேன். ஒரு கொட்டையையும் நானாகத் தள்ளுவதில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது விழுந்தார்கள். சில நாள்களுக்கு முன் சோழி தொடர்ந்து மல்லாந்தே விழுந்தது. முன்வரிசை வெள்ளையானதும் அதன் பின்வரிசை வெள்ளையானது, அதற்குப் பின்னும், நடந்து வருபவர்கள் வந்து சேருமுன் மண்டியிடுதல் அவர்களைப் போய்ச் சேர்ந்துவிட்டது. சந்தின் கழுத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. கடைசிக் கொட்டை வரைக்கும் பார்த்தேன். ஒருவரும் விழவில்லை.

அதன்பின் ஆடவில்லை. கொட்டைகள் கூடத்தில் அப்படியே இருக்கின்றன. நேற்று ஓடு மாற்ற வந்த சவரிமுத்துவும் பார்த்தார், ஏணியைக் கொல்லைப்புறமாகவே சுற்றிக் கொண்டுவந்தார். நீ புறப்படுமுன் ஒருநாள் வந்து போவாய் அல்லவா, அப்போது நீயும் கூடத்து வழியாக வராதே. கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிறேன்.

அப்பா